கூடம்: தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தில் குழுவழிக் கற்றலும் நிறுவன மாற்றமும்

ஒரு நிறுவனத்தின் சிக்கலை அதன் தனித்தனி உறுப்புகளில் அன்றி, உறுப்புகளுக்கு இடையிலான உறவில் தேடுவது அமைப்புசார் குழுமுறையின் அடிப்படையாகும். ஆகவே, சிக்கலில் பங்குடைய அனைவரையும் ஒரே அவையில் அமர்த்திப் பேசவைப்பது அதன் செயல்வழி. தமிழகத்தில் இதற்குத் தக்க சான்று, 1971-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 2004-ஐ ஒட்டி மேற்கொண்ட முயற்சியாகும். இந்திய ஆட்சிப்பணி அலுவலர் விபு நாயரின் ஊக்கத்தால் வாரியப் பொறியாளர்கள் மாற்ற மேலாண்மைக் குழுவாகத் திரண்டனர். பதவி வரிசை பாராமல் எவரும் பேசவும், கருத்தொற்றுமையால் முடிவெடுக்கவும் அமைந்த அவர்களது களம் 'கூடம்' எனப் பெயர் பெற்றது.

இம்முறை எதனை மாற்றுகிறது என்பதை எலவனாசூர்கோட்டை போன்ற ஓர் ஊராட்சியைக் கொண்டு விளக்கலாம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப்பாறை நிலம். ஆழ்துளைக் கிணறு வற்றினால், இன்னும் எத்தனை அடி துளைப்பது என்பதே பொறியாளரின் வழக்கமான வினா. ஆனால் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதைத் தொட்டி இயக்குபவர் அறிவார்; மின்கட்டணச் சுமையை ஊராட்சித் தலைவர் அறிவார்; கடைசித் தெருக் குழாயில் நீர் எப்போது நிற்கும் என்பதைக் குடத்துடன் காத்திருக்கும் பெண்கள் அறிவர். இவர்கள் ஒருங்கே பேசும்போது, புதுக்கிணறு தேவைதானா என்ற வினா எழுகிறது. பிழையைத் திருத்துவதோடு நில்லாமல், பிழைக்கு அடியிலுள்ள நோக்கத்தையே வினவும் இதனை ஆர்கிரிசும் ஷோனும் 1978-இல் வெளிவந்த தம் நூலில் இருசுற்றுக் கற்றல் என விளக்கினர். புதிய கட்டுமானத்தினும் இருக்கும் திட்டங்களைப் பேணுவதற்கு முதன்மை தரும் பொறியாளர்களின் மறைமலைநகர்ப் பிரகடனம் இக்கற்றலின் விளைவெனலாம்.

எனினும், பெயரைக் குறித்து ஓர் ஐயம் எழுகிறது. மரபான வீட்டின் கூடத்திற்குள் எல்லோரும் நுழைந்ததில்லை. சாதியால் திண்ணையிலேயே, சிலர் தெருவிலேயே, நிறுத்தப்பட்டனர். எனவே, 'கூடம்' என்பதைப் பழைய சமத்துவத்தின் மீட்பாகக் கொள்வதைவிட, புதிதாக எழுந்த ஒரு விழைவாகக் கொள்வதே பொருந்தும். குடியிருப்புப் பகுதிகளின் குரல் அவைக்குத் தானாக வந்துவிடாது என்பதும் இதனால் புலனாகும்.

இரண்டாவது தடை இன்னும் கடினமானது. கூடத்தில் கற்றது பொறியாளரிடம் தங்குகிறது; அவர் இடமாறுதல் பெற்றால் அதுவும் உடன் செல்கிறது. அலுவலகத்தில் எஞ்சுபவை கோப்புகளே. அளவுப் புத்தகத்தில் செய்து முடித்த பணியின் அளவுகள் பதிவாகும். கூடிப் பேசித் தேவையில்லையெனக் கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றுக்கு அதில் பத்தி கிடையாது.