‘எங்க பக்கம் சரியாத்தான் இருக்கு சார்!’

விண்ணப்பிக்கக் கடைசி நாள். இரவு 10 மணி. படிவத்தை நிரப்பி, போட்டோவை ஏற்றி, பணம் கட்டும் பட்டனை அழுத்தினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உதவி எண்ணுக்குப் போன் போட்டால், மறுமுனையில் நிதானமான ஒரு குரல்... ‘‘எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு சார். உங்க நெட்டை ஒரு தடவை செக் பண்ணுங்க.’’

எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால், அந்தக் குரல் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் தளம் பளிச்சென்று திறக்கிறது. சர்வரின் நிலையைக் காட்டும் திரையில் எல்லாமே பச்சை. அடுப்படியில் நின்று ருசி பார்க்கும் மாஸ்டருக்கு, மாடியில் கடைசி டேபிளுக்குப் போகும் தோசை ஆறிப்போவது எப்படித் தெரியும்?

மாடிக்கே போய் உட்கார்ந்து தோசை ஆர்டர் செய்து பார்ப்பதற்கென்று ஒரு தொழிலே இருக்கிறது. ‘சிந்தெடிக் மானிட்டரிங்’ என்று பெயர். ராஜாக்கள் மாறுவேடத்தில் நகர்வலம் போவதாகக் கதை கேட்டிருப்போம். அதையே இங்கே ஒரு மென்பொருள் செய்கிறது. வாடிக்கையாளர் வேடம் போட்டு, வெளியூரிலிருந்து தளத்துக்கு வருகிறது. இதற்கென்றே வைத்திருக்கும் கணக்கில் லாகின் செய்கிறது, ஒரு பொருளைத் தேடுகிறது, கூடையில் போடுகிறது, பணம் கட்டும் இடத்துக்கு முந்தைய படியில் நின்றுவிடுகிறது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் முதலிலிருந்து! ராத்திரி, பகல், தீபாவளி, பொங்கல் எதுவும் அதற்குக் கிடையாது.

ஒவ்வொரு படிக்கும் எத்தனை மில்லி செகண்ட் ஆனது என்று குறித்துக்கொள்ளும். தளத்தின் பெயரை வைத்து முகவரியைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம், இணைப்பு கிடைக்க எவ்வளவு, பாதுகாப்புப் பூட்டு போட எவ்வளவு, முதல் எழுத்து வந்துசேர எவ்வளவு... தடுக்கினால் திரையை அப்படியே படம் எடுத்து வைத்துவிடும். சில நேரம் சர்வர், ‘பக்கத்தை அனுப்பிவிட்டேன்’ என்று ஒழுங்காகப் பதில் சொல்லும்; பக்கத்தில்தான் ஒன்றும் இருக்காது. அதனால், வந்த பக்கத்தில் இருக்கவேண்டிய சொல் இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லிவைப்பார்கள்.

சரி, எந்த ஊரிலிருந்து பார்ப்பது? இந்தத் தொழிலின் பாதி சூட்சுமம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். சென்னையிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியா சுமார் 14,000 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், போய்வர மட்டுமே 140 மில்லி செகண்ட். நேர்கோட்டுக் கணக்கு இது. கடலடிக் கேபிள் வளைந்து நெளிந்து போவதால் இன்னும் கூடும். ஒரு பக்கம் திறக்கத் தொடங்குவதற்குள்ளேயே மூன்று, நான்கு முறை இப்படிப் போய்வர வேண்டும். வர்ஜீனியாவில் இருப்பவருக்குக் கண் இமைப்பதற்குள் முடிகிற வேலை, சென்னைவாசிக்கு அரை செகண்டுக்கு மேல் ஆகிறது. எவ்வளவு பெரிய சர்வர் வாங்கினாலும் இந்த தூரம் குறையாது.

பாதையே அறுந்துபோவதும் உண்டு. 2025 செப்டம்பரில் செங்கடலில் கேபிள்கள் துண்டானபோது, ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே மத்திய கிழக்கு வழியாகச் செல்லும் போக்குவரத்து தாமதமாகலாம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவிக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் ஐரோப்பாவில் இருந்த சர்வர்களுக்கு ஒரு நோவும் இல்லை. வழிதான் சுற்றுவழி ஆகிவிட்டது. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

முன்பெல்லாம் இப்படிப் பல ஊர்களிலிருந்து சோதிக்க, ஊருக்கு ஊர் வாடகைக்கு இடம் பிடித்து கம்ப்யூட்டரை வைக்க வேண்டும். கிளவுட் வந்தபிறகு அது சுலபமாகிவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2015-ல் புனே, சென்னை, மும்பையிலும், அமேசான் 2016-ல் மும்பையிலும் கிளவுட் மையங்களைத் திறந்தன. மும்பை, சிங்கப்பூர், ஃபிராங்க்ஃபர்ட் என்று பட்டியலில் ‘டிக்’ அடித்தால் போதும், மூன்று ஊர்களிலும் ஆள் தயார். ஓர் ஊரிலிருந்து மட்டும் தளம் திறக்கவில்லை என்றால் உடனே அலாரம் அடிக்காமல், இன்னோர் ஊரிலும் கேட்டுவிட்டுத்தான் இன்ஜினீயரைத் தூக்கத்திலிருந்து எழுப்புவார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

ஆனால், சுலபத்தில் ஒரு வம்பும் இருக்கிறது.

2017 பிப்ரவரி 28. இந்திய நேரப்படி இரவு 11.07. வடக்கு வர்ஜீனியாவில் இருக்கும் அமேசான் கிளவுட்டின் ‘எஸ்3’ என்ற சேமிப்புக் கிடங்கில், பில்லிங் மெதுவாக ஓடுகிறதே என்று ஒரு குழு பார்த்துக்கொண்டிருந்தது. சில சர்வர்களை மட்டும் கழற்றவேண்டும். அதற்கான கட்டளையில் ஒரு விவரம் தவறாக விழுந்தது. நினைத்ததைவிட அதிக சர்வர்கள் கழன்றுகொண்டன. கிடங்கில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பேரேடும் அதில் அடக்கம். பேரேடு இல்லாத கிடங்கு இருந்தும் இல்லாததுபோலத்தானே? எஸ்3-ஐ நம்பியிருந்த எத்தனையோ தளங்கள் படுத்துவிட்டன. முழுவதும் சரியாக நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

வேடிக்கை இனிமேல்தான். எந்தச் சேவை நன்றாக இருக்கிறது, எது கெட்டிருக்கிறது என்று உலகத்துக்குச் சொல்ல அமேசான் ஓர் அறிவிப்புப் பலகை வைத்திருந்தது. அந்தப் பலகையை மாற்றி எழுதும் கருவியும் அதே எஸ்3-ஐ நம்பித்தான் இருந்தது! சரியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒவ்வொரு சேவைக்குமான நிலையை அதில் மாற்றவே முடியவில்லை. ட்விட்டரிலும் தகவல் சொன்னார்கள். பிறகு அமேசானே இதையெல்லாம் மறைக்காமல் எழுதி வெளியிட்டு, அந்தக் கருவியைப் பல ஊர் மையங்களில் இயங்குமாறு மாற்றியது.

காவல்காரரைப் பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டிய கதை இது. தளமும் மும்பையில் ஒரே கம்பெனியின் கிளவுட்டில், அதைச் சோதிக்கும் ஆளும் அதே கட்டடத்தில் என்றால், நகர்வலம் போன ராஜா அரண்மனைத் தாழ்வாரத்தையே சுற்றிவந்த மாதிரிதான். சோதனை வேறு கம்பெனியின் கிளவுட்டிலிருந்தும் நடக்க வேண்டும்.

அதுவும்கூடப் போதாது. டேட்டா சென்டரில் இருக்கும் சோதனை ஆளுக்குக் கொழுத்த இணைப்பு, தடையில்லாத மின்சாரம். தென்காசி பஸ்ஸில், நான்கு வருடப் பழைய போனில், ஒற்றை சிக்னலில் படிவம் நிரப்பும் பெண்ணின் கஷ்டம் அதற்குத் தெரியுமா? தெரிந்துகொள்ள வைக்க, வேண்டுமென்றே அதன் வேகத்தைக் கட்டிப்போடுவார்கள். கூகுளின் ‘லைட்ஹவுஸ்’ செல்போன் சோதனையில், இணைப்பை 1.6 எம்.பி.பி.எஸ்.ஸுக்கு இறக்கி, ப்ராசஸரின் வேகத்தை நான்கில் ஒரு பங்காகக் குறைத்துத்தான் பார்க்கிறது. நொண்டியடித்துக் காட்டும் நடிகர் மாதிரி. நடிப்புதான் என்றாலும் பயன் உண்டு.

நடிப்புக்கும் நிஜத்துக்கும் எவ்வளவு தூரம் என்று யாரும் இலவசமாகப் பார்க்கலாம். கூகுளின் ‘பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்’ பக்கத்தில் ஒரு தளத்தின் முகவரியைக் கொடுத்தால், கீழே லைட்ஹவுஸ் சோதனையின் முடிவு வரும். ஓரளவு கூட்டம் வரும் தளம் என்றால், கடந்த 28 நாள்களில் குரோம் பிரவுசரில் வந்த நிஜ மனிதர்களின் அனுபவம் மேலே வரும். பக்கத்தின் முக்கியமான பகுதி, நான்கில் மூன்று வருகைகளிலாவது இரண்டரை செகண்டுக்குள் தெரியவேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். கீழே பச்சையாகவும் மேலே சிவப்பாகவும் இருக்கும் தளங்கள் உண்டு. ‘எங்க பக்கம் சரியாத்தான் இருக்கு’ என்று சொல்லும் இடங்களில் முதலில் காட்டவேண்டிய திரை இதுதான்.

சிறிய கடை வைத்திருப்பவர்கள் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, மூன்று ஊர்களிலிருந்து என்றால், ஒரு நாளைக்கு 864 வருகைகள். பார்வையாளர் கணக்கிலிருந்து இதைக் கழிக்க மறந்துவிட்டால், ‘தினமும் ஆயிரம் பேர் நம்ம கடைக்கு வர்றாங்க’ என்று முதலாளி சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். வந்தவர்களில் 864 பேர், அவரே சம்பளம் கொடுத்து அனுப்பிய ஒரே ஆள்!