விபத்துக்கு முன்பே எச்சரிக்கும் கெர்னல்

2003 ஆகஸ்ட் 14 மாலை, அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களும் கனடாவின் ஒன்டாரியோவும் இருளில் மூழ்கின. சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் இல்லை. மரங்களில் உரசிய மின்கம்பிகளில்தான் கோளாறு தொடங்கியது. ஆனால், அது இவ்வளவு பெரிதாக வளர ஒரு முக்கியக் காரணம், ஒஹையோவில் இருந்த கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி ஒலிக்காததுதான். மென்பொருளின் இரண்டு வேலைகள் ஒரே தரவை ஒரே கணத்தில் தொட்டதால், எச்சரிக்கை நிரல் முடிவில்லாச் சுழலில் சிக்கிக்கொண்டது. பல வாரங்கள் தேடிய பிறகே அந்தப் பிழை அகப்பட்டது.

இதை நிரலாளர்கள் 'ரேஸ் கண்டிஷன்' என்கிறார்கள். லட்சம் முறை ஓட்டினாலும் ஒழுங்காக ஓடும் நிரல், ஏதோ ஒரு முறை இரண்டு வேலைகள் நுண்நொடி பிசகாமல் மோதும்போது மட்டும் சிதறும். மறுபடி ஓட்டிப் பார்த்தால் தடயமே இருக்காது. விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டைக் கடைவீதியில் பணம் வாங்க உதவும் ஆண்ட்ராய்டு போனுக்கும் இந்த ஆபத்து உண்டு. அதன் அடித்தளமான லினக்ஸ் கெர்னல், பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பல கோர்களில் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கெர்னலில் எந்தத் தகவல் நினைவகத்தின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும் முகவரிதான் பாயிண்டர். ஒரு கோர் முகவரியைப் படித்துவிட்டது; அந்த இடத்தைத் திறந்து பார்க்கும் முன், இன்னொரு கோர் அங்கிருந்த தகவலை நீக்கி, இடத்தை வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டது. முதல் கோர் இப்போது படிப்பது யாருடைய தகவல்? கருவி அப்படியே நின்றுபோகலாம். தாக்குபவர் உள்ளே நுழையவும் வழி கிடைக்கலாம். 2016இல் வெளிச்சத்துக்கு வந்த 'டர்ட்டி கவ்' என்ற ஓட்டையும் நேரம் மோதுவதால் வந்த கெர்னல் பிழைதான். எல்லோரும் படிக்கக்கூடிய திறந்த நிரலில் அது 2007 முதல் ஒன்பது ஆண்டுகள் பதுங்கியிருந்தது.

பழைய தீர்வு, பூட்டு. தகவலைத் தொடுமுன் பூட்டை எடுக்க வேண்டும், முடித்ததும் விட வேண்டும். பத்திரமானதுதான், ஆனால், கோர்கள் பெருகப் பெருக அவை பூட்டுக்காகக் காத்திருப்பதிலேயே நேரம் கழியும். படிப்பவர் ஆயிரம், மாற்றுபவர் ஒருவர் என்ற இடங்களில் இது பெரும் வீண்.

இதற்கு மாற்றாக, 1990களில் சீக்வென்ட் நிறுவனத்தில் பால் மெக்கென்னியும் ஜாக் ஸ்லிங்வைனும் உருவாக்கிய முறைதான் ஆர்சியூ. இதில் படிப்பவர் பூட்டைத் தொடுவதே இல்லை. மாற்றுபவர் பழைய தகவலைத் தொடாமல், அதன் நகலை எடுத்துத் திருத்தி, பாயிண்டரை ஒரே எட்டில் புதியதை நோக்கித் திருப்பிவிடுவார். பழையதைப் படித்துக்கொண்டிருப்போர் அனைவரும் முடித்து வெளியேறும்வரை காத்திருந்து, அதன் பிறகே அந்த இடத்தை விடுவிப்பார். படிப்பவர் பழையதை முழுமையாகப் பார்ப்பார் அல்லது புதியதை முழுமையாகப் பார்ப்பார். அரைகுறையாக எதையும் பார்க்க மாட்டார்.

இதை லினக்ஸுக்குள் கொண்டுவந்ததில் இந்தியாவின் பங்கு பெரிது. சீக்வென்ட் 1999இல் ஐபிஎம் வசமான பிறகு, பெங்களூரு ஐபிஎம் மையத்தில் பணிபுரிந்த தீபாங்கர் சர்மா இந்த முறையை லினக்ஸுக்கு ஏற்ப அமைத்து முன்வைத்தார். 2002 அக்டோபரில் அது கெர்னலில் சேர்ந்தது. சர்மாவும் அவருடைய சகா மனீஷ் சோனியும் மெக்கென்னியும் சேர்ந்து, கோப்புப் பெயர்களைத் தேடும் பகுதியை ஆர்சியூவுக்கு மாற்றினார்கள். ஒரு கோப்பைத் திறக்கும்போதெல்லாம் நடக்கும் தேடல் அது.

ஆனால், வேகத்துக்கு ஒரு விலை உண்டு. பூட்டு இல்லாத இடத்தில் ஒழுங்கு முழுவதும் விதிகளை நம்பி நிற்கிறது. பாயிண்டரை நேரடியாக எடுக்கக் கூடாது; 'ஆர்சியூ டிரெஃபரன்ஸ்' என்ற வழியாகவே எடுக்க வேண்டும். ஏனெனில், வேகத்துக்காக, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரும் அதை இயக்கும் பிராசஸரும் கட்டளைகளின் வரிசையை மாற்றக்கூடியவை. ஆல்ஃபா என்ற வகைப் பிராசஸரில் புதிய முகவரியும் அங்கே பழைய உள்ளடக்கமும் தெரியக்கூடிய நிலைகூட இருந்தது. படிப்பவர் தொடக்கத்தையும் முடிவையும் நிரலில் குறித்துவைப்பார்; இடைப்பட்டதே 'படிக்கும் பகுதி'. எடுத்த முகவரியை அந்தப் பகுதிக்கு வெளியே பயன்படுத்தவும் கூடாது. பல கோடி வரிகள் கொண்ட நிரலில், ஆயிரக்கணக்கானோர் எழுதும் இடத்தில், இந்த விதிகளை யார் கண்காணிப்பது?

இங்கேதான் வெம்பக்கோட்டை வட்டாரத்தினருக்கு எளிதில் புரியும் ஒரு கொள்கை வருகிறது. பட்டாசு ஆலையில் ஓர் அறைக்குள் நான்கு பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஐந்தாவது ஆள் உட்கார்ந்திருந்தால், அன்று எதுவும் வெடிக்காவிட்டாலும் அது மீறல்தான். ஆய்வாளர் வெடிப்புக்காகக் காத்திருப்பதில்லை, ஆட்களை எண்ணுகிறார். அந்தக் கண்காணிப்பு தளரும்போது என்ன ஆகும் என்பதை, 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த இந்த மண் அறியும்.

2006இல் இங்கோ மோல்னார் லினக்ஸில் சேர்த்த 'லாக்டெப்' அப்படிப்பட்ட ஆய்வாளர். ஒரு வேலை முதல் பூட்டை எடுத்து இரண்டாவதற்குக் காத்திருக்க, இன்னொரு வேலை இரண்டாவதை எடுத்து முதலாவதற்குக் காத்திருந்தால் இரண்டுமே நகராது. லாக்டெப் அந்த முட்டுக்கட்டை நிகழக் காத்திருப்பதில்லை. பூட்டுகள் எந்த வரிசையில் எடுக்கப்படுகின்றன என்று குறித்துவைக்கிறது. திங்களன்று ஒரு வரிசையும் வியாழனன்று அதன் நேர்மாறும் தென்பட்டாலே எச்சரித்துவிடும்.

2010இல் மெக்கென்னி இந்தச் சோதனையை ஆர்சியூவுக்கும் விரித்தார். பாயிண்டரை எடுக்கும் வரியிலேயே, 'படிக்கும் பகுதிக்குள் இருக்க வேண்டும் அல்லது இந்தப் பூட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும்' என்ற நிபந்தனையை நிரலாளர் எழுதிவிடலாம். இரண்டும் இல்லாமல் அந்த வரிக்கு வந்தால், எந்தக் கோப்பில் எந்த வரியில் மீறல் என்று கெர்னலே சொல்லிவிடும். எழுதியவரின் மனதில் மட்டும் இருந்த விதி, இயந்திரம் சரிபார்க்கும் விதியாக மாறியது.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. நிரல் உண்மையில் ஓடிய பாதையை மட்டுமே லாக்டெப் பார்க்கும். கெர்னலை மெதுவாக்கும் என்பதால், சோதனைக் கூடத்தில்தான் இயக்குவார்கள். நம் கைபேசிகளில் அல்ல. ஆகவே, சோதனைக் கூடத்திலேயே முடிந்தவரை அதிகப் பாதைகளை ஓட்டிப் பார்ப்பது கட்டாயமாகிறது.

சிவகாசி, விருதுநகர் பொறியியல் கல்லூரிகளில் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லினக்ஸ் நிரலும் இந்தச் சோதனைகளும் இலவசம். சாதாரணக் கணினியிலேயே இயக்கலாம். ஒரு முறை சரியாக ஓடியதை வைத்து நிரல் சரி என்று முடிவுகட்டாதீர்கள். ஒவ்வொரு தரவுக்கும் எந்தப் பூட்டு காவல் என்பதை நிரலிலேயே எழுதுங்கள்; அதைச் சரிபார்க்கும் வேலையை இயந்திரத்திடம் கொடுங்கள். நாளை மருத்துவமனைக்கும் மின்நிலையத்துக்கும் நிரல் எழுதப்போகிறவர்கள் நீங்கள்.