எந்தச் சோழபுரம்?

கைப்பேசியின் வரைபடச் செயலியில் ‘சோழபுரம்’ என்று தேடுவோர் முதலில் எந்தச் சோழபுரம் என்று முடிவு செய்தாக வேண்டும். விருதுநகர் மாவட்டத்தில் இராஜபாளையத்தை அடுத்த சோழபுரம், கும்பகோணத்தை அடுத்த சோழபுரம், சிவகங்கை மாவட்டத்துச் சோழபுரம், அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம் என இப்பெயரைத் தாங்கிய ஊர்கள் தமிழகத்தில் பல உள்ளன. வண்டி நிற்கும் இடத்தைக் கண்டறியும் தொழில்நுட்பம் பெருமளவு முதிர்ந்துவிட்டது. ஆனால் சேர வேண்டிய இடத்தை ஊர்ப்பெயரையும் தெருவையும் கொண்டு பிழையின்றி அடையாளம் காண்பதுதான் இன்னும் முடியாத வேலையாக இருக்கிறது.

நிற்கும் இடத்தைக் கணக்கிடுவது செயற்கைக்கோள்களின் பணி. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் தம்முள் பொருத்திய அணுக் கடிகாரங்கள் காட்டும் நேரத்தை இடைவிடாது ஒலிபரப்ப, கைப்பேசி குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குறிப்புகளைப் பெற்று, அவை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து தன் இருப்பிடத்தைக் கணக்கிடுகிறது. இந்தக் குறிப்புகளில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழையை அமெரிக்கா 2000 மே மாதம் நீக்கியபின், திறந்தவெளியில் சில மீட்டர் துல்லியம் பொதுமக்களுக்கும் எட்டியது. இந்தியாவும் ‘நாவிக்’ என்ற பெயரில் தனக்கெனச் செயற்கைக்கோள் தொகுதி ஒன்றை நிறுவியுள்ளது. எனினும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மடிப்புகளிலும் நெருங்கிய கட்டடங்களுக்கிடையிலும் குறிப்புகள் மறைக்கப்பட்டோ எதிரொளித்தோ வருவதால், திரையில் தெரியும் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவிவிடுவதுண்டு.

அந்தப் புள்ளி எந்தச் சாலையில் இருக்கிறது, அச்சாலை ஒருவழியா, லாரி திரும்ப இடம் உண்டா என்பனவற்றைச் சொல்ல வேண்டியது வரைபடம். வானிலிருந்து எடுத்த படத்தில் கூரையும் மரமுமே தெரியும். கடைப் பலகையும் கதவு எண்ணும் தெரியா. இக்குறையைத் தீர்க்க வந்ததே தெருக்காட்சி முறை. எல்லாத் திசைகளையும் நோக்கும் கேமராக்களும், லேசர் ஒளியால் தொலைவை அளக்கும் கருவியும் பொருத்திய கார் தெருத்தெருவாகச் செல்ல, அது எடுத்த படங்கள் ஒன்றாகத் தைக்கப்பட்டு, முகங்களும் வண்டி எண்களும் மங்கலாக்கப்படுகின்றன. பெயர்ப் பலகைகளைக் கணினியே படித்து வரைபடத்தில் சேர்க்கிறது.

கூகுள் இச்சேவையை 2007-இல் அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் தொடங்கியது. 2011-இல் பெங்களூரில் தொடங்கிய படப்பிடிப்பு காவல்துறையின் ஆட்சேபத்தால் நின்றுபோக, 2016-இல் பாதுகாப்புக் காரணங்களால் மத்திய அரசும் அனுமதி மறுத்தது. 2021 பிப்ரவரியில் வெளியான புவிசார் தரவு வழிகாட்டு நெறிகள் நிலைமையை மாற்றின: தெருக்காட்சி அளவை இந்திய நிறுவனங்களுக்கே உரியது என்றும், அயல்நாட்டு நிறுவனங்கள் அவற்றிடம் உரிமம் பெற்றுப் பயன்படுத்தலாம் என்றும் அவை வகுத்தன. அதன்படி ஜெனிசிஸ் இன்டர்நேஷனல், டெக் மஹிந்திரா ஆகியவற்றின் துணையுடன் 2022 ஜூலையில் சென்னை உள்ளிட்ட பத்து நகரங்களில் கூகுளின் தெருக்காட்சி அறிமுகமானது.

ஆயினும் நம் ஊர்களின் வழக்கம் வேறு. கோயிலையோ பள்ளியையோ அடையாளமாகச் சொல்லி, ‘அதற்கு எதிர்ச் சந்து’ என்று வழிகாட்டுவோரிடம் கதவு எண் பெரிதாகப் பயன்படுவதில்லை. இதை உணர்ந்தே செயலிகளும் அருகிலுள்ள அடையாள இடங்களைச் சேர்த்துக் காட்டத் தொடங்கின. அஞ்சல் துறை 2025-இல் அறிமுகப்படுத்திய ‘டிஜிபின்’, நாடு முழுவதையும் ஏறத்தாழ நான்கு மீட்டர்ச் சதுரங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த பத்து இலக்கக் குறியீட்டைத் தருகிறது. ஒரே பெயருடைய ஊர்கள் எத்தனை இருப்பினும் குறியீடு குழம்பாது.

ஆனால் குறியீடு இடத்தைச் சொல்லுமேயன்றி, அங்குச் செல்லும் வழி இன்று திறந்திருக்கிறதா என்று சொல்லாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் ரத வீதிகளில் அசைந்து வரும் நாளில், சாலையிலுள்ள கைப்பேசிகள் மெல்ல நகர்வதைக் கொண்டு நெரிசலைக் கணிக்கும் செயலி வீதியைச் சிவப்பாகக் காட்டலாம். தேர் நிலைக்கு வரும்வரை வண்டிக்கு அங்கு வழியில்லை என்பதை யாரேனும் தெரிவித்தால்தான் அது அறியும். இத்தகைய தகவல் இல்லாமற்போனால் விளைவு கொடியதாகவும் அமையக்கூடும்: 2024 நவம்பரில் பரேலி அருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி இடிந்திருந்த பாலத்தின்மீது வழிகாட்டிச் செயலியை நம்பிச் சென்றதாகக் கூறப்பட்ட கார் ராம்கங்கை ஆற்றுப்படுகையில் விழுந்து மூவர் இறந்தனர்.

ஆகவே உள்ளூர் அறிவை வரைபடத்தில் ஏற்றும் வழிகள் இன்றியமையாதவை. 2004-இல் தொடங்கிய ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ யாரும் திருத்தக்கூடிய உலக வரைபடம். 2015 சென்னைப் பெருவெள்ளத்தில் அதனை அடித்தளமாகக் கொண்ட இணைய வரைபடத்தில் நீர் சூழ்ந்த தெருக்களைப் பொதுமக்களே குறித்தனர். நெடுஞ்சாலைத் துறையும் உள்ளாட்சிகளும் பாலம் மூடப்படும் நாளையும் புதுச்சாலை திறக்கும் நாளையும் செயலிகள் படிக்கக்கூடிய வடிவில் உடனுக்குடன் வெளியிட்டால், பெருநகரத்துக்குக் கிடைக்கும் துல்லியம் சோழபுரத்துக்கும் கிடைக்கும். கேமரா பொருத்திய கார் ஓர் ஊருக்கு எப்போதோ ஒருமுறை வரும். சாலையோ அடிக்கடி மாறும். அம்மாற்றத்தை அன்றன்றே அறிந்தவர்கள் ஊரார்தாம்.