கடலடியில் கிடப்பது யாருடைய தங்கம்?

புதையல் கதை என்றால் நமக்கெல்லாம் ஒரு குஷிதான். கடலில் விழுந்தது யாருக்கும் சொந்தமில்லை, துணிந்தவன் எடுத்துக்கொள்ளலாம் என்கிற கற்பனை அதற்குள் இருக்கிறது. நானும் அந்த ஆசையோடுதான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கப்பல் மீட்புகளைப் படிக்கப் போனேன். அங்கே கண்டது, தண்ணீரில் கரையாத ஒரு சரக்கு: சொத்துரிமை.

'லூட்டீன்' என்கிற பிரிட்டிஷ் போர்க்கப்பலை எடுத்துக்கொள்வோம். ஹாம்பர்க் நகரத்துப் பண நெருக்கடியைத் தணிக்க லண்டன் வணிகர்கள் அனுப்பிய தங்கமும் வெள்ளியும் அதில் இருந்தன. 1799 அக்டோபர் 9 இரவு, நெதர்லாந்தின் விலீலாண்ட் தீவருகே மணல்திட்டில் சிக்கி உடைந்தது. சுமார் 240 பேரில் பிழைத்தவர் ஒருவர். காப்பீடு செய்திருந்த லண்டன் லாயிட்ஸ்காரர்கள் பணத்தை முழுசாகக் கொடுத்துத் தீர்த்தார்கள். நாணயம்தான், மறுக்கவில்லை. ஆனால் இழப்பீடு கொடுத்தவனிடம் இழந்த பொருளின் உரிமையும் வந்து சேர்கிறது என்பதுதான் காப்பீட்டின் தர்க்கம்.

அன்று நெதர்லாந்து பிரிட்டனோடு போரில் இருந்தது. எனவே கப்பல் தனக்கே என்றது டச்சு அரசு. 1800, 1801இல் தீவு மீனவர்கள் இடுக்கியும் வலையும் கொண்டு தங்கக் கட்டிகளை எடுத்தார்கள். அவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் அரசுக்கு. 1823இல் டச்சு மன்னர் தம் பங்கைப் பிரிட்டிஷ் மன்னருக்கு விட்டுக்கொடுக்க, அது லாயிட்ஸிடம் போனது. 1838 தீயில் லாயிட்ஸின் பதிவேடுகள் எரிந்துபோயின. எவ்வளவு தங்கம் என்று காட்டத் தாள் இல்லை. உரிமை மட்டும் எரியவில்லை. 1857இல் மணல் விலகியதும் மறுபடி வேலை தொடங்கியது. 1858இல் கிடைத்த கப்பல் மணி இன்றும் லாயிட்ஸ் கூடத்தில் தொங்குகிறது. செத்தவர்களுக்கு வாய்த்தது பொதுக்குழி.

காகிதத்தில் உரிமை இருந்தால் போதுமா? யாராவது கீழே இறங்கவேண்டும். 1885இல் கிரான் கனாரியா தீவருகே 'அல்போன்ஸோ XII' என்ற ஸ்பானியக் கப்பல் தங்க நாணயங்களோடு மூழ்கியது. காப்பீட்டாளர்களுக்காக இறங்கியவர் அலெக்சாண்டர் லாம்பர்ட். ஆழம் சுமார் 160 அடி. மேலே கையால் சுற்றும் பம்பு, கீழே செப்புத் தலைக்கவசம். 70,000 பவுண்டு பெறுமான தங்கத்தை எடுத்துக் கொடுத்தார். உடம்பு கெட்டுத் தொழிலை விட்டார்.

என்ன நடக்கிறது என்றால், அந்த ஆழத்தில் அழுத்தம் தரையில் உள்ளதைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு. சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. வேகமாக மேலே வந்தால், சோடாப் புட்டியைத் திறந்தது மாதிரி, அது குமிழியாகக் கிளம்பி நரம்பையும் மூட்டையும் முடக்கிவிடும். பிரெஞ்சு அறிஞர் பால் பேர் இதை 1878லேயே விளக்கிவிட்டார். எங்கெங்கே எவ்வளவு நேரம் நின்று ஏறவேண்டும் என்கிற ஹால்டேனின் அட்டவணை வெளியானது 1908இல்தான். இடைப்பட்ட 30 ஆண்டும் வேலை நிற்கவில்லை. தங்கத்துக்குக் காப்பீடு இருந்தது. அதை எடுக்க இறங்கிய உடம்பு அந்தக் கணக்கில் வரவில்லை.

இதைச் சாகசக் கதை என்று படிப்பவர்கள் படிக்கட்டும். எனக்கு இது கூலிக்காரர்களின் வரலாறு. கடலடியில் கிடந்த தங்கத்தின் சொந்தக்காரர்கள் ஒருநாளும் நனைந்ததில்லை.