நிற்கும் முதுகு, நடக்கும் முதுகு

சென்னை தி. நகர் ரங்கநாதன் தெருவிலோ உஸ்மான் சாலையிலோ மாலை ஏழு மணிக்குத் துணிக்கடைக்குள் நுழைகிறவர்கள் சேலையைப் பார்ப்பார்கள், விலையைப் பார்ப்பார்கள். ஒருமுறை கவுன்ட்டருக்குக் கீழேயும் பாருங்கள். கடை திறந்ததிலிருந்து நின்றுகொண்டிருக்கும் பெண், ஒரு பாதத்தைச் செருப்பிலிருந்து உருவி மற்றக் காலின்மேல் வைத்திருப்பார். கொஞ்ச நேரத்தில் கால் மாறும். இடுப்பு மேசை விளிம்பில் சாயும். மேற்பார்வையாளர் கண்ணுக்கு இது அலட்சியமாகப் படலாம். ஆனால் அந்தச் சின்னச் சின்ன அசைவுகள் முதுகெலும்பு தனக்குத் தானே செய்துகொள்ளும் வைத்தியம்.

தொழிற்சாலையில் நின்றபடி வேலை செய்கிறவர்கள் உட்கார வசதி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. கடை ஊழியர்களுக்கு அந்த உரிமை வர வெகுகாலம் ஆயிற்று. கேரளம் 2018-இல் வழிகாட்டியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம், 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு இடையே கிடைக்கும் ஓய்வில் உட்கார, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. தொழிலாளர் நலச் சட்டமாகத்தான் அது பேசப்பட்டது. நம் முதுகு எப்படி இயங்குகிறது என்று பார்த்தால், நல்ல மருத்துவச் சட்டமாகவும் அது தெரியும்.

முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவே நாம் ‘ஜவ்வு’ என்று சொல்லும் வட்டுகள் 23 இருக்கின்றன. உடம்பிலேயே ரத்தக் குழாய் இல்லாத மிகப் பெரிய உறுப்பு இந்த வட்டுதான். சிறு குழந்தையாக இருக்கும்போது அதற்குள் ஓடும் நுண்குழாய்கள் வளர வளர மறைந்துவிடுகின்றன. பிறகு ஆயுள் முழுவதும் பிராணவாயுவும் சத்தும் மேலேயும் கீழேயும் உள்ள எலும்பிலிருந்து கசிந்துதான் வர வேண்டும். வட்டின் நடுவில் உள்ள கூழ், தண்ணீரில் போட்ட சப்ஜா விதையைப் போல நீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நாம் எழுந்து நடமாடினால் பாரம் ஏறி நீர் வெளியேறும். படுத்தால் திரும்ப உறிஞ்சும். அதனால்தான் காலையில் எழும்போது நாம் இரவில் இருந்ததைவிடச் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரமாக இருக்கிறோம். பாரம் ஏறுவதும் இறங்குவதும் வட்டுக்குத் தீங்கல்ல. ஒரே பாரம் மணிக்கணக்கில் மாறாமல் அழுத்துவதுதான் அதற்குச் சிரமம்.

தசைகளின் கதையும் இதேதான். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இதற்குமுன் இடுப்புவலியே வராதவர்களை இரண்டு மணி நேரம் நின்றபடி வேலை செய்யவைத்து அளந்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வலி வந்தது. வலி கண்டவர்களுக்கு, இடுப்பின் இரு பக்கத் தசைகளும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து மாறி மாறி வேலை செய்யாமல், ஒரே நேரத்தில் இறுகின. இந்த இறுக்கம் வலி தொடங்குவதற்கு முன்பே இருந்தது. வலி வராதவர்களோ தொடக்கத்திலிருந்தே அடிக்கடி கால் மாற்றி நின்றார்கள். ஒரு காலைச் சின்னப் பலகைமேல் தூக்கி வைத்துக்கொள்வதும் கால் மாற்றுவதும் எவ்வளவு பெரிய விஷயம் என்று இதிலிருந்து புரியும்.

அப்படியானால் செருப்பை மாற்றினால் முதுகுவலி தீருமா? இந்தக் கேள்விக்குச் சரியான ஊர் அடையாறு. அங்கே 1948-இல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவிகளால் அளந்தது. வெள்ளைக்காரர்கள் விட்டுச்சென்ற அளவுமுறையில்தான் இன்னும் நாம் ஷூ வாங்குகிறோம். நம் பாதம் ஐரோப்பியப் பாதத்தைவிட அகலம் என்று இந்த ஆய்வு காட்டியது. விரல்கள் நெருக்குகின்றனவே என்று ஒரு அளவு கூட்டி வாங்குகிறோம். அகலம் சரியாகும், நீளம் மிஞ்சும், குதிகால் வழுகும். ‘ப’ (Bha) என்ற பெயரில் புதிய இந்திய அளவுமுறை ஒன்று இந்த ஆய்விலிருந்து பிறந்திருக்கிறது.

இடுப்புவலிக்காரர்கள் கேட்டு வாங்கும் எம்.சி.ஆர். செருப்புக்கும் ஒரு தமிழ்நாட்டு வரலாறு உண்டு. வேலூரில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த அறுவை மருத்துவர் பால் பிராண்டும் அவரோடு உழைத்தவர்களும், உணர்ச்சி இழந்த பாதங்கள் புண்ணாகாமல் காக்க நுண்ணறை ரப்பர் செருப்பைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். ரப்பருக்குள் இருக்கும் எண்ணற்ற காற்றறைகள் அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரப்பிவிடும். இன்று சர்க்கரை நோயாளிகளின் கால்களைக் காப்பதும் அதே ரப்பர்தான். குதிகால்வலி உள்ளவர்களுக்கும் அது சுகம் தருகிறது. ஆனால் அது பாதத்துக்காகப் பிறந்த செருப்பு.

முதுகுக்கு என்றே விற்கப்படும் காலணிகளைச் சோதித்தபோது கிடைத்த விடைகள் நம்மை நிதானிக்கச் செய்கின்றன. அடிப்பாகம் படகு போல வளைந்த ஷூவையும் சாதாரணத் தட்டை ஷூவையும் நாட்பட்ட முதுகுவலி உள்ள 115 பேருக்குக் கொடுத்து லண்டனில் ஓராண்டு கவனித்தார்கள். 2013-இல் வெளியான முடிவு இது: விலை உயர்ந்த வளைந்த ஷூ எந்த வகையிலும் மேலாக இல்லை; நின்றால், நடந்தால் வலிக்கிறவர்களுக்குத் தட்டை ஷூவே கூடுதல் பலன் தந்தது. ஷூவுக்குள் போடும் திண்டுகள் முதுகுவலி வராமல் தடுப்பதில்லை என்பதும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னது. ஆக, செருப்பிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது எளிமையானது. விரல்கள் விரிய இடம், குதிகாலைப் பிடிக்கும் பின்பட்டை, உயரமில்லாத அடி, தேய்ந்து ஒருபக்கம் சரியாத ரப்பர். நம்மை வலியில்லாமல் நடக்கவைத்தால் செருப்பு தன் வேலையை முடித்துவிட்டது. மீதி வேலை நம் அசைவுடையது.

அந்த மீதி வேலையை மயிலாப்பூர்ப் பக்கம் வெகுகாலமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மைசூர் அரண்மனையில் யோகம் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியார் 1950-களில் சென்னையில் குடியேறினார். பொறியியல் படித்த அவருடைய மகன் தேசிகாச்சார் 1976-இல் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தைத் தொடங்கினார். இன்று அது மந்தைவெளியில் இயங்குகிறது. ஆளுக்கேற்ற பயிற்சி, மூச்சோடு இணைந்த அசைவு என்பவை இந்த மரபின் இரு கால்கள். த்விபாத பீடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்ற வேண்டும். மூச்சை உள்ளே இழுக்கும்போது இடுப்பை மெல்ல உயர்த்தி, வெளிவிடும்போது முதுகை மேலிருந்து கீழாக ஒவ்வொரு கண்ணியாகத் தரையில் இறக்க வேண்டும். உயர்த்திய நிலையிலேயே விறைத்து நிற்பதில்லை. ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் பழகுவார்கள். பாரம் ஏறி இறங்குவதையே விரும்பும் வட்டுக்கும், மாறி மாறி இறுகித் தளர வேண்டிய தசைக்கும் இதைவிடப் பொருத்தமான பாடம் உண்டா!

முதுகெலும்பை ஒட்டிப் பின்னியிருக்கும் குட்டித் தசைகள், வலி போன பிறகும் தாமாகப் பழைய பலத்துக்குத் திரும்புவதில்லை என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1990-களில் காட்டினார்கள். வலி விட்டதும் பயிற்சியை நிறுத்துகிறவர்களுக்கு அது திரும்ப வருவதில் வியப்பில்லை. பாஸ்டனில் 320 பேரிடம் நடந்த ஆய்வில் (2017) யோகப் பயிற்சி, பிசியோதெரபிக்குச் சளைக்காத பலன் தந்தது. இன்ன பயிற்சிதான் என்பதைவிட, விடாமல் செய்கிற பயிற்சி எதுவோ அதுவே நல்லது.

இதையெல்லாம் செய்யவிடாமல் தடுப்பது பல நேரங்களில் பயம். ஸ்கேன் அறிக்கையில் ‘தேய்மானம்’ என்ற சொல்லைக் கண்டதும் குனியவே அஞ்சுகிறவர்கள் எத்தனை பேர்! வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்தபோது, இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதத்தினருக்கும் எண்பது வயதுக்காரர்களில் 96 சதவீதத்தினருக்கும் வட்டுத் தேய்மானம் இருந்தது. நரைமுடியைப் போல அதுவும் பெரும்பாலும் வயதின் அடையாளம். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், நாட்பட்ட முதுகுவலிக்கு உடற்பயிற்சியையும் நோயாளிக்கு விளக்கிச் சொல்வதையும் பரிந்துரைக்கிறது. இடுப்பு பெல்ட்டையும் டிராக்‌ஷனையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது.

ஆனால் சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. சிறுநீர், மலக் கட்டுப்பாட்டை இழந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, கால் பலவீனமானாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ சேர்ந்து வந்தாலும், விழுந்தபின் வலி வந்தாலும் மருத்துவரிடம் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும்.

மற்றவர்களுக்கு மிகச் சிறந்த மருந்து மிக மலிவானது. ஆஸ்திரேலியாவில், முதுகுவலியிலிருந்து அண்மையில் தேறிய 701 பேரிடம் நடந்த ஆய்வு 2024-இல் வெளியானது. சிறிது சிறிதாகக் கூட்டி, வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேரம் நடப்பதை இலக்காகக் கொண்டவர்களுக்கு, அன்றாட வேலையை முடக்கும் வலி திரும்ப வரும் இடைவெளி இடைநிலை அளவில் 208 நாள். நடைத்திட்டம் இல்லாதவர்களுக்கு 112 நாள்.

நாகேஸ்வர ராவ் பூங்காவிலும் பெசன்ட் நகர்க் கடற்கரையிலும் விடியற்காலையில் இந்த மருந்தை இலவசமாக வாங்கிக்கொள்கிறவர்கள் நிறைய. ஆனால் பத்து மணி நேரம் நின்றுவிட்டு மின்சார ரயிலில் வீடு திரும்புகிறவருக்குப் பூங்கா எட்டாது. அவருடைய அரைமணி நேரம் வேலை நேரத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டும். உட்கார ஒரு முக்காலி, கால் வைக்க ஒரு பலகை, மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நடந்துவர அனுமதி. சட்டம் முக்காலியைக் கொடுத்துவிட்டது. அதில் உட்காரவும், எழுந்து நடக்கவும் தடை சொல்லாத மனம் முதலாளிகளுக்கு வர வேண்டும். அப்படிப்பட்ட கடைகளைத் தேடிப் போகிற வழக்கம் நமக்கு வர வேண்டும்.