விலாசம் சுமக்கும் புரதங்கள்

என் உம்மும்மாவுக்குச் சீனி வருத்தம். காலையில் இன்சுலின் ஊசி போடும்போது, "இந்த மருந்து நம்மட உடம்புக்குள்ள எங்க மகள் உண்டாகிற?" என்று கேட்டார். உயர்தரத்தில் படித்ததைச் சொன்னேன்.

கலத்தினுள் கரு, இழைமணி, அகமுதலுருச் சிறுவலை, கொல்கி எனப் பல புன்னங்கங்கள் உள்ளன. இறைபோசோம்கள் ஆக்கும் புரதம் தனக்குரிய இடத்தைச் சேர்வது எப்படி? கடிதத்துக்கு விலாசம்போல, புரதச் சங்கிலியிலேயே ஒரு சிறு பகுதி விலாசமாக அமைந்திருக்கிறது. இதைக் கண்டறிந்த குந்தர் புளோபெல் 1999இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார்.

சதையியின் பீற்றாக் கலங்களில் இன்சுலின் முதலில் 110 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியாக உருவாகிறது. முன்னாலுள்ள 24உம் விலாசம். அது சங்கிலியை அகமுதலுருச் சிறுவலைக்குள் செலுத்தும், பின் வெட்டப்படும். மிகுதி மடிந்து, கொல்கி வழியே சுரப்புப் புடகங்களை அடையும். அங்கே நடுத்துண்டும் நீங்க, 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலின் எஞ்சும். சாப்பிட்டு இரத்தத்தில் குளுக்கோசு கூடியதும் புடகங்கள் அதை வெளிவிடும்.

விலாசத்தின் 24ஆவது அமிலம் மாறியதால் அதனைச் சரியாக வெட்டமுடியாமல், பிறந்த சில மாதங்களிலேயே நீரிழிவுக்கு ஆளான குழந்தைகள் உண்டு. "விலாசம் பிழைச்சா தபால்காரனும் என்ன செய்யிற?" என்றார் உம்மும்மா.

அவருடைய வருத்தம் வயதோடு வந்தது. புடகங்கள் நேரமறிந்து செய்த வேலையை இப்போது நாங்கள் மணிக்கூட்டைப் பார்த்துச் செய்கிறோம்.