போட்டிக்கான நீர்த்தாவரத் தொட்டியும் கருவிக் கசிவுகளும்

நீர்த்தாவரத் தொட்டி என்பது மீன்களைவிடச் செடிகளுக்கு முதலிடம் கொடுத்து அமைக்கப்படும் கண்ணாடி மீன்தொட்டி ஆகும். கல், மரக்கட்டை, மண், செடி ஆகியவற்றைக் கொண்டு நீருக்கடியில் ஒரு நிலக்காட்சி உருவாக்கப்படுகிறது. வீட்டு அழகுக்காக இதனை வைத்திருப்போர் பலர். அவர்களில் சிலர் போட்டிக்கும் அனுப்புகின்றனர். பெரும்பாலான பன்னாட்டுப் போட்டிகளில் தொட்டியை நடுவர் நேரில் பார்ப்பதில்லை, ஒளிப்படமே அனுப்பப்படுகிறது. எனவே நான்கைந்து மாத உழைப்பு முழுவதும் ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரே படத்தில், தன் உச்ச அழகில் நிற்க வேண்டும். அந்த நாளுக்கு முந்தைய வாரத்தில் வடிகட்டியின் ரப்பர் வளையம் ஒன்று நழுவினால் எல்லாம் ஓர் இரவில் தரைக்கு வந்துவிடும். ஆகவே செடி வளர்ப்பையும் கசிவையும் தனித்தனிப் பாடங்களாகப் பார்க்காமல் இங்கே சேர்த்தே விளக்குகிறோம்.

போட்டிகளின் பின்னணி

இக்கலையில் பழைய மரபு நெதர்லாந்து நாட்டினுடையது. டச்சு முறைத் தொட்டியில் கல்லும் கட்டையும் முக்கியமல்ல. பல நிறச் செடிகளைத் தெருத்தெருவாகவும் படிப்படியாகவும் நட்டு அடர்த்தி காட்டுவதே சிறப்பு. அங்கு நடுவர்கள் போட்டியாளரின் வீட்டுக்கே சென்று தொட்டியைப் பார்த்து மதிப்பெண் இடும் வழக்கம் உண்டு.

இன்று உலகெங்கும் பரவியிருப்பது ஜப்பானிய முறை. அதன் மூலவர் தகாஷி அமானோ. 1954இல் நீகாட்டா பகுதியில் பிறந்த இவர் மிதிவண்டிப் பந்தய வீரராகவும், இயற்கைக் காட்சிகளின் ஒளிப்படக் கலைஞராகவும் இருந்தவர். 1982இல் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். தொட்டியில் பாசியைத் தின்னும் இறாலைப் பரவலாக்கியதும் இவரே. அந்த இறால் இன்றும் கடைகளில் அமானோ இறால் என்றே விற்கப்படுகிறது. 2001இல் இவரது நிறுவனம் தொடங்கிய பன்னாட்டு நீர்த்தாவர அமைப்புப் போட்டி இத்துறையில் பெரிதாக மதிக்கப்படுகிறது. அமானோ 2015இல் காலமானார். அதே ஆண்டில் போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் மீன்காட்சியகத்தில் அவர் அமைத்த 40 மீட்டர் நீளத் தொட்டியே அவரது கடைசிப் பெரும்பணி.

நமக்கும் இதில் ஓர் உறவு உண்டு. உலகப் போட்டித் தொட்டிகளில் சிவப்புக்காக நடப்படும் ரோட்டாலா மக்ராண்ட்ரா தென்னிந்தியச் செடி. கிரிப்டோகோரைன் வென்டியை இலங்கை தந்தது. நம் வயல் வரப்பில் வளரும் நீர்ப்பிரமியை வெளிநாட்டுக் கடைகளில் பக்கோப்பா என்ற பெயரில் தொட்டிச் செடியாக விற்கிறார்கள்.

வளர்ப்புக் காலம்

போட்டித் தொட்டியில் காலக்கணக்கு பின்னிருந்து போடப்படுகிறது. படம் எடுக்கும் நாளை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து மாதங்களைக் கழித்து நடவு நாளை முடிவு செய்ய வேண்டும். தரைவிரிப்புச் செடிகள் மண்ணை முழுதும் மூட இரண்டு மாதமாவது ஆகும். கட்டையில் கட்டிய பாசிச் செடிகள் இயல்பாகத் தோன்ற இன்னும் அதிகம்.

ஊட்டமுள்ள தொட்டிமண் முதல் வாரங்களில் அம்மோனியாவை வெளிவிடும். ஆகவே முதல் வாரம் தினமும், இரண்டாம் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் இருமுறை என்று பாதி நீரை மாற்றுவது வழக்கம். ஒளி தொடக்கத்தில் நாளுக்கு 6 மணி நேரம் போதும். செடி வேர்பிடித்த பின் 8 மணி வரை கூட்டலாம். ஒளியைக் கூட்டினால் செடி சீக்கிரம் வளரும் என்று பலர் நினைக்கின்றனர். கரியமில வாயுவும் உரமும் அதற்கு ஈடாக இல்லாவிட்டால் பாசிதான் சீக்கிரம் வளரும். மீன்களை ஒரு மாதம் கழித்தே விட வேண்டும்.

தண்டுச் செடிகளைக் கத்தரிப்பதில்தான் போட்டியாளரின் கை தெரியும். ஒரு தண்டை வெட்டினால் வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு கிளைகள் வரும். மூன்று முறை வெட்டினால் புதர் பந்துபோல் அடர்ந்துவிடும். கடைசி வெட்டு படம் எடுப்பதற்குச் சுமார் மூன்று நான்கு வாரம் முன் அமைய வேண்டும். அதற்குப் பின் வெட்டினால் மொட்டைத் தண்டுகள் படத்தில் தெரியும். மிக முன்பே வெட்டினால் புதர் கலைந்து அடியிலைகள் உதிர்ந்திருக்கும்.

தமிழ்நாட்டுக் கோடையில் நீரின் வெப்பம் எளிதில் 30 பாகையைத் தாண்டும். பெரும்பாலான போட்டிச் செடிகள் 22 முதல் 26 பாகையில் நன்றாக இருக்கும். மேலும் வெப்பம் கூடக் கூட நீரில் கரையும் வாயுக்களின் அளவு குறையும். நீர்ப்பரப்பில் காற்று படும்படி சிறு மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று பாகை குறையும். ஆனால் ஆவியாதல் கூடும். இது பின்னர் கசிவைக் கண்டறியும்போது குழப்பம் தரும் என்பதை நினைவில் வைக்கவும்.

தரையை நனைக்காத கசிவு

கசிவு என்றவுடன் எல்லோரும் நீரையே நினைப்பார்கள். போட்டித் தொட்டியை மெல்லக் கெடுப்பது பெரும்பாலும் வாயுக் கசிவுதான். கரியமில வாயு உருளையிலிருந்து ரெகுலேட்டர், சோலினாய்டு வால்வு, ஊசி வால்வு, குமிழ் எண்ணி, மெல்லிய குழாய், பரப்பி என்ற வரிசையில் நீருக்குள் போகிறது. இதில் எந்த இணைப்பில் கசிந்தாலும் தரை நனையாது, மணமும் வராது. செடிகள் சோர்ந்து, இலை விளிம்பில் கரிய தாடிப்பாசி தோன்றும். உரம் போதவில்லை என்று எண்ணி உரத்தைக் கூட்டுவார்கள். பாசி இன்னும் கூடும்.

அழுத்தமானியைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். தெரியாது. உருளைக்குள் கரியமில வாயு நீர்ம நிலையில் இருக்கிறது. நீர்மத்தின் மேலுள்ள ஆவியழுத்தம் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. 20 பாகையில் ஏறத்தாழ 57 பார். உருளையில் ஒரு கிலோ நீர்மம் இருந்தாலும் கால் கிலோ இருந்தாலும் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். நீர்மம் தீர்ந்த பிறகே முள் இறங்கத் தொடங்கும். அதற்குள் கசிய வேண்டியது கசிந்து முடிந்திருக்கும். 31 பாகைக்கு மேல் கரியமில வாயு நீர்மமாகவே இருக்க முடியாது என்பதால் சித்திரை வெயிலில் முள் மேலே ஏறுவதும் இயல்பே. உருளையை வெயில் படும் இடத்தில் மட்டும் வைக்கக்கூடாது.

ஆகவே உருளையை எடை போடுவதே நேர்மையான அளவீடு. வாரம் ஒருமுறை ஒரே நாளில் எடை போட்டுக் குறித்து வந்தால், தொட்டி வாரத்துக்கு எவ்வளவு வாயு உண்கிறது என்பது பழகிவிடும். திடீரென்று அது இருமடங்கானால் கசிவு என்று கொள்ளலாம். இன்னொரு சோதனையும் உண்டு. இரவு சோலினாய்டு மூடிய பின் உருளையின் வாயை இறுக மூடிவிட்டு, அழுத்தமானியின் முள் இருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இப்போது ரெகுலேட்டருக்குள் அடைபட்டிருப்பது கொஞ்சம் வாயுவே. அதை ஈடுசெய்ய நீர்மம் இல்லை. சிறு கசிவு இருந்தாலும் காலைக்குள் முள் இறங்கிவிடும். இறங்காவிட்டால் பழுது ரெகுலேட்டரில் இல்லை. சோலினாய்டுக்கு அப்பால் குழாயிலோ குமிழ் எண்ணியிலோ தேட வேண்டும்.

இடத்தைக் கண்டுபிடிக்கச் சோப்பு நீர் போதும். வாயுவைத் திறந்துவிட்டு ஒவ்வோர் இணைப்பிலும் தடவினால் கசியும் இடத்தில் நுரை பொங்கும். முதலில் பார்க்க வேண்டியது உருளையும் ரெகுலேட்டரும் சேரும் இடம். அங்கே வாயுவை அடைப்பது மரையல்ல, நடுவிலுள்ள வாசர். பலர் மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றுகிறார்கள், அதனால் பயனில்லை. உருளை நிரப்பி வரும்போதெல்லாம் நைலான் வாசரைப் புதிதாக மாற்றுவது நல்லது. அடுத்துக் குழாய். மீன்தொட்டிக்கு வழக்கமாக வாங்கும் சிலிக்கோன் குழாயின் சுவர் வழியாகவே கரியமில வாயு ஊடுருவிப் போகும். இதற்குப் பாலியூரித்தேன் குழாயே ஏற்றது. இரவில் வாயு நின்றதும் தொட்டி நீர் குழாய் வழியே பின்னோக்கி ஏறி ரெகுலேட்டரைக் கெடுக்காமல் இருக்க ஒருவழி வால்வு வேண்டும். அதன் உள்ளிருக்கும் ரப்பர் நாளடைவில் விறைத்துப்போவதால் ஆண்டுக்கு ஒன்று மாற்றலாம், விலையும் அதிகமில்லை.

அறையிலுள்ளோர் பாதுகாப்பையும் சொல்ல வேண்டும். 2 கிலோ கரியமில வாயு வெளியேறினால் சுமார் 1.1 கன மீட்டர் இடத்தை நிரப்பும். பத்தடி நீள அகல உயரமுள்ள அறையின் கொள்ளளவு 28 கன மீட்டர். எனவே உருளை முழுதும் ஒரேயடியாகக் கொட்டினால், மூடிய அறையில் ஏறத்தாழ 4 விழுக்காடு சேரும். இது உயிருக்கு ஆபத்தான அளவு. காற்றைவிடக் கனமானதால் தரையோரம் தங்கும். குளிரூட்டி போட்டுக் கதவடைத்துத் தூங்கும் அறையில், அதிலும் பிள்ளைகள் தரையில் படுக்கும் அறையில், உருளையை வைக்கவே கூடாது. வேறு இடத்திலும் நிமிர்த்தி, விழாமல் கட்டி வைக்க வேண்டும்.

வடிகட்டிக் கசிவு

போட்டித் தொட்டிகளில் வழக்கமாகப் பயன்படுவது கேனிஸ்டர் வடிகட்டி. தொட்டிக்குக் கீழே அலமாரியில் இருக்கும். இதுவே அதன் வசதி, இதுவே ஆபத்து. குழாய் கழன்றால் மின்சாரம் இல்லாவிட்டாலும் நீர் தானாக இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு கணக்குப் பார்ப்போம். 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம் உள்ள தொட்டியில் ஒரு செ.மீ. உயர நீர் என்பது 4 லிட்டருக்குச் சற்று மேல். நீர்மட்டம் 42 செ.மீ.யிலும் உறிஞ்சுகுழாயின் வாய் 10 செ.மீ.யிலும் இருந்தால் வெளியேறக்கூடியது ஏறத்தாழ 130 லிட்டர். எட்டு ஒன்பது குடம். மாடி வீடாக இருந்தால் கீழ்வீட்டுக்காரரும் இதில் சேர்ந்துவிடுவார்.

பிளாஸ்டிக் உறிஞ்சுகுழாயாக இருந்தால் நீர்மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே ஒரு சிறு துளை போடலாம். நீர் அதுவரை இறங்கியதும் துளை வழியே காற்றுப் புகுந்து ஓட்டம் நின்றுவிடும். கண்ணாடிக் குழாயில் இது முடியாது. அழகுக்குக் கண்ணாடிக் குழாய்தான் என்பவர்களும் படம் எடுக்கும் நாள் வரை பிளாஸ்டிக் குழாயை வைத்திருக்கலாம். படத்தில் எந்தக் குழாயும் இருக்கப்போவதில்லையே!

வடிகட்டி பெரும்பாலும் சுத்தம் செய்த நாளில்தான் கசிகிறது. மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகளோ, செடித் துணுக்கோ ஒட்டியிருந்தால் போதும். வளையத்தைக் கழற்றிக் கழுவி, அது அமரும் பள்ளத்தையும் துணியால் துடைத்து, சிலிக்கோன் கிரீஸை மெலிதாகத் தடவிப் பொருத்த வேண்டும். பெட்ரோலிய ஜெல்லி வேண்டாம். சில வகை ரப்பரை அது உப்பச் செய்துவிடும். குழாய் முனை விறைத்திருந்தால் இரண்டு செ.மீ. வெட்டிவிட்டு, முனையை வெந்நீரில் நனைத்துச் செருகிக் கிளிப் போடலாம். எல்லாம் முடிந்ததும் வடிகட்டிக்குக் கீழே செய்தித்தாளை விரித்து வைக்கவும். ஒரு துளி விழுந்தாலும் தாள் காட்டிக்கொடுக்கும். அரைமணி நேரம் கூடவே இருந்து பார்த்து, இரவு ஒருமுறையும் காலையில் ஒருமுறையும் பார்க்க வேண்டும். வெளியூர் கிளம்பும் நாளில் வடிகட்டியைத் திறக்காதீர்கள்.

மின்கம்பிகள் சுவிட்சுக்குப் போகும் முன் கீழே தொங்கி வளைந்து மேலேற வேண்டும். அப்போது வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பான் இல்லாத வீட்டில் நனைந்த தரையில் நின்று எந்தப் பிளக்கையும் தொடக்கூடாது. மெயினை நிறுத்திவிட்டுத்தான் மற்றது.

தொட்டியே கசிந்தால்

முதலில் அது கசிவுதானா என்று பார்க்க வேண்டும். தொட்டியருகே, அதே மின்விசிறிக் காற்றில் ஒரு வாளி நீரை வைத்து, இரண்டிலும் நீர்மட்டத்தைக் குறிக்கவும். இரண்டு நாளில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு இறங்கினால் ஆவியாதல். தொட்டி மட்டும் வெகுவாக இறங்கினால் கசிவு. நம் ஊர் கிணற்று நீரில் சுண்ணாம்பு மிகுதியாதலால், மெல்லக் கசியும் இணைப்பில் வெள்ளைப் படிவு தோன்றி இடத்தைக் காட்டும்.

நீரின் அழுத்தம் தொட்டியின் நீளத்தைப் பொறுத்ததன்று, ஆழத்தைப் பொறுத்தது. முன்சொன்ன தொட்டியின் முன்கண்ணாடி மீது 45 செ.மீ. ஆழத்தில் சுமார் 90 கிலோ எடைக்குச் சமமான விசை செயல்படுகிறது. ஆழத்தைப் பாதியாக்கினால் விசை கால்பங்காகும். எனவே படத்துக்கு முன் கசிவு தெரிந்தால் உடனே செய்ய வேண்டியது நீர்மட்டத்தைப் பாதிக்குக் குறைப்பதே. மீன்களைத் தொட்டி நீரோடு வாளிக்கு மாற்றிக் காற்றுக்குழாய் போடவும். வெளியே தெரியும் செடிகளை ஈரச் செய்தித்தாளால் மூடி, மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி அவ்வப்போது நீர் தெளித்தால் சில நாள் தாங்கும். காய்ந்தால் சில மணி நேரத்திலேயே போய்விடும்.

பிறகு ஒரு முடிவெடுக்க வேண்டும். கசிவு ஒரு சில துளி மட்டுமே, இணைப்பு வாய்பிளக்கவில்லை, செடிகளும் ஏறக்குறையத் தயார் என்றால், திட்டமிட்ட நாளுக்குக் காத்திராமல் மறுநாளே நிரப்பிப் படமெடுத்துவிட்டு உடனே வடித்துவிடலாம். மூன்று வாரம் கழித்துக் கிடைத்திருக்கும் அழகில் கொஞ்சம் குறையும். படமே இல்லாமல் போவதைவிட மேல். இணைப்பில் வெண்ணிறமாகக் காற்றிடைவெளி தெரிந்தாலோ, சிலிக்கோன் உரிந்திருந்தாலோ மீண்டும் நிரப்பவே கூடாது. போட்டி அடுத்த ஆண்டும் வரும்.

வெளிப்பக்கம் சிலிக்கோன் பூசி அடைப்பது நிற்காது. நீரின் அழுத்தம் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே ஈரத்தின் மேல் பூசுவதும் அப்படியே. புதிய சிலிக்கோன் பழைய சிலிக்கோனுடன் சரியாக ஒட்டாது என்பதால், தொட்டியைக் காலி செய்து, உள்மூலைகளில் பழையதை முழுதும் பிளேடால் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, உலர்ந்த பிறகே புதிதாகப் பூச வேண்டும். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறைச் சிலிக்கோன் மீனுக்கும் இறாலுக்கும் நஞ்சு. மீன்தொட்டிக்கென்று குறிப்பிட்டதையே வாங்கவும். பூசியதும் காடி மணம் வீசும். ஒரு வாரம் உலரவிட்டு, அந்த மணம் அறவே நின்ற பின், வெயில் படாத முற்றத்திலோ மொட்டைமாடியிலோ சமதளத்தில் வைத்து நீர் நிரப்பி மூன்று நாள் பார்க்கவும். அதன் பிறகே மண்ணும் கல்லும் உள்ளே போகலாம்.